தீக்குச்சி கிழிக்காத விருந்து

“வர்றது மனுசங்களா, முயலுங்களா அண்ணி? முள்ளங்கியும் கேரட்டும் இப்படிக் குவிச்சு வெச்சிருக்கீங்க!”

வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான் ரூபெர்த்தோ. நேலிதாவின் கணவனுக்குத் தம்பி. பக்கத்து வீடு.

“மனுசங்கதான். நீயும் வந்து உட்கார்ந்தா, அப்பத்தான் சந்தேகம் வரும்” என்றாள் நேலிதா, தலையை நிமிர்த்தாமல்.

அர்ஜென்டினாவின் தெற்கு மலையடிவாரத்தில் ஜனவரிதான் நடுக்கோடை. செர்ரி மரத்தடியில் நீள மேசை போட்டிருந்தாள். வெள்ளரிக்காயைப் பிளந்து, விதையை வழித்து, புதினா சேர்த்துப் பிசைந்த பாலாடைக்கட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். குடைந்த தக்காளிக்குள் எலுமிச்சை பிழிந்த வெண்ணெய்ப்பழ மசியல். ஓடையிலிருந்து பிடித்து வந்த வாளித் தண்ணீரில் முள்ளங்கிகள் சிலுசிலுவென்று மிதந்தன.

“விளையாடாதீங்க அண்ணி. நம்ம ஊர்ல ஆட்டை வாட்டாம ஒரு விருந்தா? உங்க பொண்ணு ரயேன் அவ கூட்டாளிங்களை முதல் தடவையா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா. பச்சைக் காய்கறியைத் தின்னுட்டுப் போனா ஊரே சிரிக்காதா? ஆடு நான் தர்றேன், விறகும் தர்றேன்.”

“ஒண்ணும் வேண்டாம். இன்னிக்கு இந்த வீட்டுல தீக்குச்சி கிழிக்கிறதில்லை. காலையில மாத்தே டீக்குக்கூட வெந்நீர் வைக்கலை.”

“ஏன், அப்படி என்ன விரதம்?”

“நேத்து ரயேன் போன்ல பேசினா. சாப்பிட்டியான்னு கேட்டேன். சோறு இறங்க மாட்டேங்குதும்மான்னா.”

“இந்த வயசுப் புள்ளைங்களுக்கா இறங்காது? கொழுப்பு உருகுற வாசனை வரட்டும், அப்புறம் பாருங்க. நான் என் முற்றத்துல வாட்டுறேன். உங்க மேசையைத் தாண்டி என்கிட்ட ஓடி வராங்களா இல்லையான்னு பார்த்துடுவோம்!”

சொன்னபடியே விறகை அடுக்கிப் பற்றவைத்தான். புகை எழுந்தது. நேலிதாவின் கத்தி ஒரு நொடி நின்றது. அவன் சொல்வதுதான் சரியோ? வீட்டுக்கு வந்த பிள்ளைகளை அவமதிக்கிறோமோ? மூடிக் கிடந்த அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தக்காளிமேல் உப்பைத் தூவினாள்.

மதியம் லாரி வந்து நின்றது. ரயேன் முதலில் குதித்தாள். பின்னாலேயே ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். குளித்து, தலைவாரி, நல்ல உடுப்பு போட்டிருந்தார்கள். ஆனாலும் எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது.

“அய்யோ அம்மா, எவ்வளவு பச்சைப்பசேல்னு இருக்கு!” ரயேன் மேசையருகே வந்து நின்றுவிட்டாள். ஒருவன் வெள்ளரிக்காய் மேல் கைவைத்தான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. வேலியைத் தாண்டிப் புகை வந்து முகத்தில் அடித்தது. எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

“வாங்க, வாங்க! விருந்து இங்கேதான்!” கையில் நீளக் கரண்டியோடு சிரித்தான் ரூபெர்த்தோ.

ரயேன்தான் முதலில் ஓடினாள். மற்றவர்கள் அவள் பின்னால். கடிக்கப் போன வெள்ளரிக்காயைப் போட்டுவிட்டு அவனும் வேலியைத் தாண்டினான். மேசையருகே நேலிதா மட்டும் நின்றாள். அவன் போட்டுவிட்டுப் போன வெள்ளரிக்காயை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

‘ஸ்ஸ்ஸ்’ என்று பெரிய சத்தம்.

எட்டிப் பார்த்தாள். முள்ளங்கி மிதந்த வாளியை ரயேன் முள்ளங்கியோடு அப்படியே நெருப்பில் கொட்டியிருந்தாள். இரண்டு பேர் மண்வெட்டியால் மண்ணை அள்ளி மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓரத்து விறகைக் காலால் எத்தித் தள்ளினாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கடைசிப் புகையும் அடங்கிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

“சித்தப்பா… மன்னிச்சிடுங்க. கை தானாப் போயிடுச்சு” என்றாள் ரயேன்.

ரூபெர்த்தோ நனைந்த காலோடு நின்றான். கரண்டியைக் கீழே போட்டான்.

“நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கறே? புத்தியில்லாதவன் நான்தான்” என்றான். “அண்ணி, அந்த மேசையில எனக்கும் ஒரு இடம் போடுங்க.”

எரியும் மலைக்காட்டோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, முந்தாநாள்தான் கடைசித் தணலையும் அவித்துவிட்டுக் கீழே இறங்கியிருந்த தீயணைப்புப் படை, வெள்ளரிக்காயை நறுக்கென்று கடித்தது.