மீட்டரில் கூடிய எட்டு

"நாம கோயிலுக்குப் போனப்புறம் வண்டி என்னப்பா பண்ணும்?" என்று மகள் நோயெமி ஒருமுறை கேட்டாள்.

"தூங்கும், கண்ணு" என்று ஒத்தாவியோ சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அதே ஊரில் அண்மையில் காலமான ஃபாவுஸ்தோவின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டிருந்தான். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து பார்த்தால் மீட்டரில் எட்டுக் கிலோமீட்டர் கூடியிருந்தது. கொட்டகையின் மாற்றுச்சாவி மனைவியின் தம்பி ரென்சோவிடம் இருந்தது.

"பூசைக்கு வராத ஆளு நீ ஒருத்தன்தான் மச்சான். சாவியக் குடு."

"இன்ஜின் உங்க மேசைமேல கெடக்கு அத்தான். வண்டிய நான் தோள்லயா தூக்கிட்டுப் போனேன்?" ரென்சோ சாவியை வைத்துவிட்டுப் போனவன், அதன்பின் அந்த வீட்டுப் படியேறவில்லை.

அடுத்த ஞாயிறும் எட்டுக் கூடியது.

ஃபாவுஸ்தோவின் மனைவியிடம் விசாரித்தான். "ஞாயித்துக்கிழமைன்னா மலைமேல ஜில்தோவுக்கு ரொட்டி கொண்டுபோவாரு. ஒரு விபத்துல எங்க வீட்டுக்காரரு உசுரக் காப்பாத்தின மனுசன் அவரு. போக நாலு, வர நாலு. இப்ப யாரு போறா?"

இன்ஜினைப் பொருத்தி, கார்புரேட்டரைச் சரிசெய்தபின் வந்த முதல் ஞாயிறு, விடியும் வேளையில் ஒத்தாவியோ ரென்சோவின் தபால் பெட்டியில் அந்த மாற்றுச்சாவியைப் போட்டான். பிறகு அந்த வண்டியிலேயே மலையேறி, ஜில்தோவின் கதவுப் பிடியில் ரொட்டிப் பையை மாட்டிவிட்டு, யாரும் பார்க்குமுன் இறங்கினான்.

கொட்டகையில் வண்டியை நிறுத்தி மீட்டரைப் பார்த்தான். எட்டுக் கிலோமீட்டர் போய்வந்த பின்னும் எண் நகர்ந்திருக்கவில்லை.