விருந்தாளியின் நாற்காலி

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வந்து சரிசெய்த பிளம்பரைச் சாப்பிடாமல் போகவே கூடாது என்று பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரம்மா. வந்தவரைப் பட்டினியாக அனுப்புவது அவருடைய விசுவாசத்துக்கு இழுக்கு.

பிளம்பர் கை கழுவிவிட்டு, சாப்பாட்டு மேஜையருகே காலியாக இருந்த ஒரே நாற்காலியை இழுத்தார்.

"அதுல வேண்டாம்ண்ணே. அது ஒரு விருந்தாளிக்குப் போட்டது. நீங்க வாசப்படியில காத்தாட உட்காருங்க, தட்டு அங்கேயே வரும்."

படியில் பாதி சாப்பிட்டவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்காலி அப்படியே கிடந்தது.

"விருந்தாளி இன்னும் வரலையாம்மா?"

"தினமும்தான் போட்டு வைக்கிறோம், வந்தபாடில்ல" என்று பெருமூச்சு விட்டார் வீட்டுக்காரம்மா. "இயேசப்பா எந்த ரூபத்துல வருவாருன்னு யாருக்குத் தெரியும்? அதான், அதுல யாரையும் உட்கார விடுறதில்ல."