பத்து நாள் அவகாசம்

“ஏனுங்க, தேதியத் தள்ளி வெச்சுட்டாங்களாமா. பத்து நாளு.”

கைப்பேசியைப் பார்த்தபடி சுதாராணி சொன்னதும், அதுவரை தொண்டையில் நின்ற தோசை கமலக்கண்ணனுக்கு உள்ளே இறங்கியது. வருமான வரி ரிட்டர்ன் போட நாளைதான் கடைசி என்று ஒரு வாரமாக அவனை விரட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

“நெசமாவா?”

“ஆகஸ்ட் பத்து வரைக்கும் போடலாமாம். அதுக்குள்ளயாச்சும் மில்லுல அந்தச் சம்பள ஃபாரத்த வாங்கியாருங்க. ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கறேன், கட்டுன புருசனுக்குப் போட முடியல.”

“கிளார்க்கு லீவுல இருக்கறாரு சுதா.”

“ஜூன்லருந்தா? இத்தன நாளு லீவு குடுக்கற மில்லுன்னா எனக்கும் அங்க ஒரு வேல கேளுங்க.”

கமலக்கண்ணன் இன்னொரு தோசை கேட்டான்.

ஃபாரம் ஜூன் மாதத்திலேயே வந்துவிட்டது. நான்காக மடித்து, அவன் பையின் அடியில், மத்தியானச் சோற்றுப் போசிக்குக் கீழே கிடந்தது. அதில் ஏப்ரலில் இருந்து டிசம்பர் வரைக்கும்தான் சம்பளம் இருந்தது. டிசம்பரோடு மில்லில் அவனை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறமும் அவன் காலை ஏழு மணி பஸ்ஸை விடவில்லை. நாகலூரிலிருந்து ஏற்காடு, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம். நாளெல்லாம் வேலை தேடுவான். மாசம் பிறந்தால் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்துச் சம்பளம் என்று அவள் கையில் கொடுப்பான்.

பொய் சொல்ல வேண்டும் என்பது அவன் எண்ணமில்லை. ‘வேலை போச்சு’ என்பதை ‘வேலை கிடைச்சிருச்சு’ என்பதோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தான். ஏழு மாதமாக அந்த இரண்டாவது பாதி கிடைக்கவில்லை.

இப்போது கிடைக்கிற மாதிரி இருந்தது. ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலை. கணக்குக்கு ஆள் வேண்டும், இவனைப் பிடித்தும் இருந்தது. ஆனால் முதலாளி, “ஆடி மாசத்துல ஆள் சேக்கற பழக்கம் நம்மகிட்ட இல்லீங்க. பதினெட்டு கழியட்டும், கூப்புடறேன்” என்று சொல்லிவிட்டார்.

வரிக்காரர்களுக்கு ஜூலை முப்பத்தொன்று. ஆடிப் பதினெட்டு அதற்கும் பிறகு. நடுவில் மாட்டிக்கொண்டிருந்தவனுக்கு இந்தப் பத்து நாள் பெரிய உபகாரம். தேதியைத் தள்ளி வைத்த அதிகாரி யாரோ, அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஏற்காட்டில் இறங்கி மனைவியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனான். போன வாரம் வாத்தியார்களும் லாட்ஜ்காரர்களுமாக நிற்க இடமில்லாத கடை. இன்றைக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்த வெள்ளையம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சுதாராணி பிரிண்டரைத் திறந்துபோட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன, கூட்டத்தையே காணோம்?”

“நாளு கெடக்குதுன்னா மக்க வருவாங்களா? உங்க ஃபாரம் வந்துச்சா?”

கமலக்கண்ணன் பிரிண்டருக்குள் குனிந்து பார்த்தான். வெள்ளையம்மாள்தான் பேசினாள். “அட, கேட்டா வாயத் தெறந்து சொல்லு சாமி. பொண்டாட்டிகிட்ட என்ன வெக்கம்?”

ஆடிப் பதினெட்டு கழிந்தது. ஆலையிலிருந்து கூப்பிடவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று தேதி ஓடியது. அவன் இரண்டு தோசையிலிருந்து ஒன்றுக்கு வந்தான். சுதாராணி ஃபாரத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தது அவனை இன்னும் பயமுறுத்தியது.

ஒன்பதாம் தேதி மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கமலக்கண்ணன் கால்கூடக் கழுவவில்லை. பையின் அடியிலிருந்து ஃபாரத்தை எடுத்து நீவி, அவள் முன்னால் வைத்தான்.

“சுதா, டிசம்பர்லயே மில்லுல நிறுத்திட்டாங்க. திங்கக்கிழமையிலருந்து ஜவ்வரிசி ஆலைல கணக்கெழுதப் போறேன்.”

ஒரே மூச்சில்தான் சொன்னான். சொன்ன பிறகு மூச்சு வரவில்லை.

சுதாராணி ஃபாரத்தைப் பிரிக்கவில்லை. மடிப்பு மாறாமல் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

“சம்பளம் மில்லு அளவுக்கு வருங்களா?”

“கொஞ்சம் கொறச்சல்தான்.”

“பரவால்லீங்க. கை கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்.”

“உனக்குக் கோவமில்லியா?”

“நொம்ப இருந்துச்சுங்க. இப்ப இல்ல.”

கை கழுவப் போனவன் பாதி வழியில் நின்றான்.

“ஃபாரத்தை உள்ள வெச்சுட்டியே. நாளைக்குக் கடைசி நாளு, ரிட்டர்ன் போட வேண்டாமா?”

“முப்பத்தொண்ணாந்தேதி மத்தியானமே போட்டாச்சுங்க.”

“ஃபாரம் இல்லாம எப்படி?”

“மில்லுல புடிச்ச வரியெல்லாம் மாசாமாசம் கம்ப்யூட்டர்லயே ஏறியிருக்குங்க. டிசம்பரோட நின்னுருந்துச்சு. ஜூன்லயே பாத்தேன்.”

கமலக்கண்ணன் திரும்பி வந்து அவள் எதிரில் நின்றான்.

“அப்பறம் எதுக்கு முப்பத்தொண்ணுலயே அவசரமாப் போட்டே? அதான் கவர்மெண்டு பத்து நாளு குடுத்துச்சே.”

சுதாராணி தட்டில் சோற்றைப் போட்டாள்.

“கவர்மெண்டு ஒரு நாளும் குடுக்கலீங்க. நான்தான் குடுத்தேன்.”