முதல் போன்

தன் நடிகர்களின் கால்ஷீட்டை யார் கேட்டாலும் முதல் போனில் "டேட்ஸ் இல்லை" என்பதுதான் மேனேஜர் பத்மலோசனியின் வழக்கம். நிஜமாகவே தேவைப்படுகிறவன் மறுபடி கூப்பிடுவான், அப்போது நடிகரின் மதிப்பு ஏறியிருக்கும். முப்பது வருஷ வித்தையைத் தன் குரலிலேயே பேசும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது எல்லாப் போனையும் அதுதான் எடுக்கிறது. கம்பெனி ஓஹோவென்று நடக்கிறது.

ஒருநாள் மகள் தாரகை ஆபீஸுக்கு வந்தாள். கழுத்தில் புதுத் தாலி.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி."

"முகூர்த்தத் தேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். டேட்ஸ் இல்லைன்னு உன் குரல் சொல்லிச்சு."

"மறுபடி கூப்பிட்டிருக்கலாமே. எல்லாரும் கூப்பிடுவாங்க."

"மண்டபம் காத்திருக்காதும்மா. அம்மா இடத்துக்குச் சித்தியைப் போட்டு முடிச்சுட்டோம்."