வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு

கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. வெளியே தன் மேசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்று வெள்ளி, வேலையில் அவளுக்குக் கடைசி நாள்.

உள்ளே கம்ப்யூட்டர் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய குரலில், அவளுடைய இழுவையோடு.

போன மாதம் முந்நூறு வாக்கியங்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்றார்கள். நம்பி வாசித்தாள். நடுவில் தொண்டை கட்டியது. சரியான பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

பதினோரு வருடம். கோவையில் உட்கார்ந்துகொண்டு பல்லடம், உடுமலை, ராஜபாளையம் என்று நூற்பாலை நூற்பாலையாகப் போன் போட்டு, பேரிங்கும் பெல்ட்டும் விற்றவள்.

இனி அவள் வேண்டாம். குரல் போதும்.

தர்ஷன் வெளியே வந்தான். முதலாளியின் மருமகன். வந்து எட்டு மாதம் ஆகிறது. சுவரிலிருந்த பெரிய திரையை, புதுமனை காட்டுகிறவனைப் போல அவளுக்குக் காட்டினான்.

ஒரு வாரத்தின் கட்டங்கள். இரண்டு வருடமாக அவள் போட்ட அத்தனை போனையும் அலசியிருந்தார்கள். எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள். விற்பதற்கு ஏற்ற நேரமெல்லாம் பச்சை.

திங்கள், ஏழரை முதல் ஒன்பது.

செவ்வாய், மூன்று முதல் நாலரை.

வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு.

இன்னொரு முறை பார்த்தாள். சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக் காலண்டரிலும் இதே நேரங்கள் அச்சாகியிருக்கின்றன. ராகு காலம் என்ற தலைப்பில்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆலைக்காரர்கள் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். விலை பேச மாட்டார்கள். கையெழுத்துப் போட மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் அவள் அப்போது கூப்பிடுவாள். விற்க அல்ல. மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்க. மூட்டுவலிக்கு ஒரு டாக்டர் பெயர் சொல்ல. பேச்சு அரை மணி நேரம்கூடப் போகும்.

ராகு காலம் கழிந்ததும் அவர்களே கூப்பிட்டு ஆர்டர் சொல்வார்கள். அது அவளுடைய சொந்த செல்லுக்கு வரும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

தர்ஷனும் இந்த ஊர்க்காரன்தான். புதுக் கார் எடுத்த அன்று, ராகு காலம் போகட்டும் என்று ஷோரூம் சோபாவில் காத்துக் கிடந்தவன். லட்டு நீட்டும்போது அவனே சொன்னான். காருக்கு ராகு உண்டு. திரை பச்சையாகிவிட்டால் ராகு கிடையாது.

"மேடம், கஸ்டமர்ஸ் பத்தி வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க. அப்புறம் உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாது பாருங்க."

எவ்வளவு மரியாதை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சையெல்லாம் ராகு காலம் என்று ஒரு வரி சொன்னால் போதும். நிறுத்திவிடுவான்.

பத்தரைக்கு ஆலைகளில் கேட்கப்போவது அவளுடைய குரல். நேரம் காலம் தெரிந்தவள் என்று பதினோரு வருடத்தில் சேர்த்த பெயர் இன்னும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். இங்கிருந்து கொண்டுபோக அவளிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கம்பெனி கொடுத்த போனை மேசைமேல் வைத்தாள்.

"எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்குங்க சார்."

பத்தரை.

இருநூற்றுப் பத்து ஆலைகளுக்கு ஒரே நேரத்தில் அவள் வணக்கம் சொன்னாள். புது விலை சொன்னாள். இன்றே ஆர்டர் கொடுத்தால் எட்டு சதவீதம் தள்ளுபடி என்றாள்.

திரையில் எண்கள் ஏறின. போனை எடுத்தவர்கள் நூற்று எண்பது பேர். உள்ளே கைதட்டினார்கள்.

அவள் படியிறங்கினாள்.

எதிர்ப்புறத்து பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது அவளுடைய செல் அடித்தது. பல்லடம் நாச்சிமுத்து. ஆலையில் சாமான் வாங்குவது அவர் பொறுப்பு. மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததை வீட்டுக்கு அடுத்தபடி இவளிடம்தான் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, ராகு காலத்துல கூப்புட்டு ஆர்டர் கேக்கறீங்க? உங்க குரலாச்சேன்னு கேட்டுட்டிருந்தனுங்க. உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். முகம் சுட்டது.

"அது நான் இல்லீங்க. மிஷினு. என்னைய நிறுத்திட்டாங்க."

அவருக்குப் பின்னால் நூற்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப பேரிங்குக்கு இனி யாருகிட்டப் பேசறதுங்க?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

"பன்னெண்டு தாண்டட்டுங்க. நானே கூப்படறேன்."

வைத்ததும் மறுபடி அடித்தது. உடுமலை.

எடுப்பதற்கு முன் பையைத் திறந்தாள். அடுத்துச் சேரப்போகும் போட்டிக் கம்பெனியின் விலைப்பட்டியலை வெளியே எடுத்து, பன்னிரண்டு வரை இருக்கட்டும் என்று டீ டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.