கோணல் நட்சத்திரம்

"அந்த ஒரு நட்சத்திரத்தை மட்டும் எதுக்குடி பூனை குட்டியைத் தூக்கிட்டு அலையற மாதிரி இடம் மாத்திக்கிட்டே இருக்க?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள் அக்கா. இந்த அலுவலகத்தைப் பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைப்பவள். எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்த மேனேஜருக்கும்கூட.

நாற்காலி மேல் நின்றிருந்த கிளார்க் பெண், ஜன்னலில் கட்டியிருந்ததை அவிழ்த்துத் தண்ணீர் கேனுக்கு மேல் கட்டினாள். பிடிக்கவில்லை. மறுபடியும் அவிழ்த்தாள்.

"மேடம் என்ன உயரம்க்கா?"

"எந்த மேடம்?"

"போட்டிக்கு மார்க் போட வர்றாங்களே, ஹெட் ஆபீஸ் மேடம்."

"போன வருஷம் பாத்தது. உன்னைவிட ஒரு சாண் குட்டை. ஏன், ஜாக்கெட் தைக்கப் போறியா?"

பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை.

வருஷக் கடைசியில் கிளைகளுக்குள் அலங்காரப் போட்டி. காசு கிடையாது என்று மேனேஜர் முதல் நாளே கையை விரித்துவிட்டார். "படிச்ச பொண்ணுதானே, இருக்கிறதை வெச்சு செய். என் ரூம்ல கட்டுக் கட்டா தாள் கிடக்கு." ஒரு பக்கம் அச்சடித்த தாளை அவர் கிழிக்கவும் மாட்டார், கிழிக்க விடவும் மாட்டார். மறுபக்கம் வெள்ளையாக இருக்கிறதாம். அந்தக் கட்டிலிருந்துதான் நாற்பது நட்சத்திரம். எழுத்து உள்ளே போகும்படி மடித்து, வடிகட்டிய டீத்தூளை மறுபடி கொதிக்கவைத்த சாயத்தை மேலே பூசி, பார்சல் பிரித்த சணல் நூலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கச் சொல்லி ஹெட் ஆபீஸுக்கு மனு எழுதியது இந்தப் பெண்தான். அக்கா கைநாட்டு வைத்தாள். நாலு மாதம் ஆகிவிட்டது. நாளையிலிருந்து கூட்டித் துடைக்க, மேனேஜரின் மச்சினன் நடத்தும் ஏஜென்சி ஆட்கள் வருகிறார்கள்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே போனாள்.

"சார், அந்த ஆர்டர்..."

"வரலைன்னு எத்தனை வாட்டி சொல்றது? வந்தா மடிச்சு இடுப்புலயா செருகிக்குவேன்? கூட்டுற வேலைக்கு ஆர்டர் வேணுமாம்." அவர் கண் பெண்ணின் கைக்குப் போனது. "அது ஏன் அப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?"

"அக்கா மடிச்சது சார்."

"அதான் தெரியுதே. குப்பையில போடு. இங்க குடு, நானே போடறேன்."

கையை நீட்டினார். பெண் நாற்காலியிலிருந்து குதித்து இரண்டடி பின்வாங்கினாள். "நான் சரி பண்ணிடறேன் சார்."

அவர் நகரும்வரை அதை நெஞ்சோடு வைத்திருந்தாள். உள்ளங்கை வியர்த்து டீச்சாயம் விரலெல்லாம் ஒட்டியது.

"போனாப் போகுது, தூக்கிப் போடுடி" என்றாள் அக்கா. "அத்தனையும் நீ மடிச்சே. நேத்து சாயங்காலம் இந்த ஒரு தாளை மட்டும் என் கையில திணிச்சு மடிக்கச் சொன்ன. பசையும் வைக்க விடல. எது தலை எது கால்னு எனக்கு என்ன தெரியும்? படிச்சிருந்தா நேரா மடிச்சிருப்பேன்."

"படிச்சவங்க மடிக்கிறதைப் பாத்துட்டுத்தான்க்கா இருக்கேன்."

கடைசியில் வாசலுக்கு நேர் உள்ளே கட்டினாள். தன் கண்ணுக்கு ஒரு சாண் கீழே. உள்ளே வருகிறவர் அதை ஒதுக்காமல் வர முடியாது.

பதினொன்றே காலுக்கு மேடம் வந்தார். அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. கடையில வாங்கினதா?"

"ஒரு பைசா செலவில்லை மேடம்." மேனேஜர் முன்னால் வந்து நின்றார். "எல்லாம் என் ரூம்ல கிடந்த தாள். ஒவ்வொண்ணா நானே பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தேன்."

"ஒவ்வொண்ணுமா சார்?" என்றாள் பெண்.

"பின்ன? என் கண்ணுல படாம இந்த ஆபீஸ்ல ஒரு தாள் நகராது. மேடமுக்கே தெரியும்."

மேடம் சிரித்துக்கொண்டே, மூக்குக்கு நேராக ஆடிய கோணல் நட்சத்திரத்தைப் பிடித்தார். "இதை எப்படிம்மா மடிக்கிறீங்க? வீட்டுல என் பொண்ணு கேப்பா."

"அதுல பசை இல்லை மேடம். பிரிச்சுப் பாருங்க, புரிஞ்சுடும்."

மேடம் ஒரு நுனியை இழுத்தார். தாள் மடிப்பு மடிப்பாக விரிந்தது. மடிப்பைப் பார்க்க வந்த கண், எழுத்தில் நின்றுவிட்டது. சிரிப்பு போய்விட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கக் கையை நீட்டினார்.

மேடம் துடைப்பத்தோடு நின்ற அக்காவிடம் திரும்பினார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்களை நிரந்தரமாக்கி நான் கையெழுத்துப் போட்ட ஆர்டர்ம்மா இது. இது எப்படி இங்க வந்துச்சு?"

"சாரே பொறுக்கிக் குடுத்த தாள் மேடம்" என்றாள் பெண்.