கடல் கல்லுக்கு ஜன்னல் சீட்டு

"சேச்சி, மீனும் கொண்டு பஸ்ஸுல கேறக்கூடாதுன்னு அறியாதா? அடுத்த ஸ்டாப்புல இறங்கணும், கேட்டோ!"

கண்டக்டர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கத்தினார். விழிஞ்ஞத்திலிருந்து கிழக்கேகோட்டை போகிற பஸ். தொண்ணூற்றெட்டாம் வருஷம், மேட மாசத்துச் சித்திரை வெயில், பகல் பதினொன்றரை. உள்ளே அப்படி ஒரு வீச்சம்.

மீன் விற்கும் பொன்செல்வி தன் அலுமினியச் சருவத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். "பாருங்க, காலி. ஓட்டை விழுந்துபோச்சு, சாலை பஜாருல மாத்தப் போறேன். புளி போட்டுத் தேச்சுல்லா கொண்டு வாறேன்."

"காலியானா என்ன? மீன்காரி சருவம்தானே!" என்றார் அதே பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வன்னியபெருமாள்.

வீச்சம் எங்கிருந்து வருகிறது என்பது ஸ்ரீகண்டனுக்குத் தெரியும். சாட்சாத் அவர் மடியிலிருந்துதான்.

கரமனை அக்ரஹாரத்துக்காரர், அரசாங்க ஆபீஸில் ஆடிட்டர். வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். மூன்று தடவை மீன் விட்டார், மூன்று தடவையும் மிதந்தது. அமெரிக்க மச்சினன் அனுப்பிய பத்திரிகைதான் வழி சொன்னது. கடலுக்கடியிலிருந்து உயிர்க்கல் எடுத்து வந்து போட வேண்டுமாம். அதன் பொந்துகளில் குடியிருக்கும் ஜீவன்கள்தான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்குமாம். கல் காய்ந்தால் அத்தனையும் சாகும். நல்ல தண்ணீர் பட்டாலும் சாகும்.

விழிஞ்ஞத்தில் கல் கிடைத்துவிட்டது. ஆட்டோக்காரன் மோந்து பார்த்துவிட்டுப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டான். வேறு வழியில்லாமல் பஸ். மனைவி வாலாம்பாளின் பித்தளை உருளி, அதில் ஈர வேஷ்டி சுற்றிய கல், கையில் ஒரு செம்பு கடல் தண்ணீர், நெற்றியில் பட்டை விபூதி. இந்தக் கோலத்தில் ஒரு மனுஷன் ஏறினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

"சாமி, விக்ரகமா?" வன்னியபெருமாள் பதறி எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்.

மீன்தொட்டிக்கு என்று சொன்னால் கல்லும் அவரும் நடுரோட்டில். "ஆத்துல கொண்டுபோய் வைக்கறதுக்குத்தான்" என்றார் ஸ்ரீகண்டன். பொய் இல்லையே! ஆடிட்டர் மூளை அல்லவா.

கோவளத்தில் ஏறிய கூட்டத்துக்கு டிக்கெட் கிழிக்கும் அவசரத்தில் கண்டக்டர் மீன்காரியை மறந்துவிட்டார். கோவளம் தாண்டியதும் ஸ்ரீகண்டன் கல்லின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். அவ்வளவுதான், சுற்றிலும் எட்டுக் கைகள் குழிந்து நீண்டன.

தீர்த்தம்!

வன்னியபெருமாள் பக்தியோடு உறிஞ்சினார். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. "என்ன சாமி, இப்படிக் கரிக்குது?"

"சேது தீர்த்தம்." வாயில் தானாக வந்துவிட்டது.

"அதான பாத்தேன்!" என்று இன்னொரு கை வாங்கிக்கொண்டார். பாழாய்ப் போன ஜனங்கள், திருவல்லம் வருவதற்குள் செம்பைக் காலி பண்ணிவிட்டார்கள்.

முன் சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். "வெயிலா இருக்கே, நான் ஒரு அபிஷேகம் பண்ணட்டுமா?"

"ஐயையோ! தொடப்படாது!" ஸ்ரீகண்டன் போட்ட கூச்சலில் டிரைவரே பிரேக்கில் கால் வைத்துவிட்டார்.

"எவ்வளவு மடி பாருங்க!" அம்மாள் உருகிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அது நடக்க வேண்டும்? கல்லின் பொந்துக்குள் குடியிருந்த குட்டி நண்டு ஒன்று, வேஷ்டியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கொடுக்கை நீட்டி ஆட்டிவிட்டு உள்ளே போயிற்று.

"சாமி விரலை ஆட்டுது!" அம்மாள் அலறினாள்.

"ஆட்டாம? மீன்காரிய பக்கத்துல வச்சுக்கிட்டு வந்தா கோவம் வராதா?" வன்னியபெருமாள் எழுந்தே நின்றுவிட்டார். "கண்டக்டரே, இவள இறக்கும்! சாமி குத்தம் ஆயிரும்!"

பஸ் முழுக்க அதையே சொன்னது. கண்டக்டர் மணியை இழுத்தார். திருவல்லம் ஸ்டாப்பில் பஸ் நின்றது.

ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார். நாற்றம் என்னுடையது என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியது. கல்லைப் பார்த்தார். வேஷ்டி காய ஆரம்பித்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். சீ, என்ன பிழைப்பு இது என்று அவருக்கே இருந்தது.

பொன்செல்வி யாரோடும் சண்டை போடவில்லை. சருவத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பின்வாசலில் ஒரு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நேரே அவருடைய ஜன்னலுக்கு வந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று ஸ்ரீகண்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாமி, காத்துப் படாம வேட்டிய இறுக்கிச் சுத்துங்க" என்றாள் தணிந்த குரலில். "வீடு போய்ச் சேருற வரைக்கும் ஈரம் நிக்கும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு... தெரியுமா?"

"கடக்கரையில பொறந்தவளுக்கு மீன் மணம் எது, கடலுக்கடியில கெடக்க கல்லு மணம் எதுன்னு தெரியாதா? நீங்க ஏறும்போதே தெரிஞ்சுட்டு."

"பின்னே ஏன் நீ சொல்லலை?"

"சொன்னா உங்களயும்லா இறக்கிருவாங்க? இந்த வெயில்ல கல்லுக்குள்ள உள்ள உசுரெல்லாம் செத்துரும் சாமி. நான் நடந்துக்கிடுவேன்."